கண்ணுக்குப் பின்னால் கேட்ட சத்தம்

சத்தம்தான் முதலில் வந்தது. கண் கெட்டது அதற்குப் பிறகு.

அப்போது நான் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் இடையே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும் தடம் அது. வருஷக்கணக்காக அதே பாதை என்பதால், எந்த வளைவில் மண் சரியும், எந்த மரத்தடியில் ஈரம் காயாமல் கிடக்கும் என்பதெல்லாம் யோசிக்காமலே கைக்குத் தெரியும்.

பலாப்பழக் காலத்தில் மலையிலிருந்து இறங்கும் வண்டி எல்லாமே பலா வாசனையோடுதான் இறங்கும். எங்கள் தடத்தில் அப்போதும் பஸ் கூரை மேல் சாமான் ஏற்றுவார்கள். ஒரு நாள் காலை வெள்ளிமலையில் வண்டியை நிறுத்திவிட்டு, பின் டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கயிறு நழுவியது. ஒரு பழம் என் தலையின் இடது பக்கமாக உரசி இறங்கியது. நேராக விழுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். உரசியதற்கே நிலைதடுமாறி, நெற்றியோரம் பஸ் படிக்கட்டின் இரும்பு விளிம்பில் மோதி விழுந்தேன்.

கண் விழித்தபோது கண்டக்டர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மலை ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கள்ளக்குறிச்சிக்கு வந்து தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறியவில்லை, ரத்தம் கட்டவில்லை என்றார்கள். வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு, தையல் பிரித்ததும் வேலைக்குப் போனேன். பலாப்பழம் விழுந்து தப்பித்த டிரைவர் என்று டிப்போவில் கொஞ்ச நாள் என்னைக் கேலி பேசினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்கப்புறம் ஒரு விடுமுறை நாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். எங்கிருந்தோ ஒரு சத்தம் கேட்டது. உஸ்ஸ், உஸ்ஸ் என்று விட்டு விட்டு வந்தது. பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்கும் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். வீடு அமைதியானதும் அந்தச் சத்தம் இன்னும் தெளிவாகத்தான் கேட்டது. காதைப் பொத்திப் பார்த்தேன். குறையவில்லை, கூடியது. வெளியே இருந்து வரும் சத்தத்தைக் காதைப் பொத்தினால் கேட்கக் கூடாதே என்று அப்போதுதான் உறைத்தது. சத்தம் எனக்குள்ளே இருந்து வந்தது.

மாடிக்கு ஏறிப் போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்து வந்தேன். படி ஏறும்போது சத்தம் வேகமானது. கீழே வந்து உட்கார்ந்ததும் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடியும் சத்தமும் ஒன்றாகவே துடித்தன. என் நெஞ்சு அடிப்பதை என் தலைக்குள் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரெண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தலைக்குள் சத்தம் கேட்கிறது என்று ஒரு டிரைவர் வெளியே சொன்னால் என்ன ஆகும் என்ற பயம். மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அடிபட்ட இடத்தில் காற்று புகுந்திருக்கும், தலைக்கு எண்ணெய் வை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவளோ பூண்டைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இடது நெற்றிப் பொட்டில் காதை வைத்தாள்.

கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அவள் மூச்சு விடும் சத்தமும் நின்றுவிட்டது.

"கேக்குதுங்க" என்றாள். "உள்ள யாரோ தறி ஓட்டிக்கினு இருக்கிற மாதிரி கேக்குது."

அவள் பிறந்த ஊர் சின்னசேலம். பட்டுத்தறிச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள். அவள் சொன்னதும் எனக்கு வந்தது பயமா நிம்மதியா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பைத்தியம் இல்லை என்பது நிச்சயமானது. ஒருவன் தலைக்குள் ஓடும் சத்தத்தை இன்னொருத்தி வெளியே இருந்து கேட்க முடியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதனால்தான் மறுபடியும் குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

அடுத்த வாரமே டாக்டரிடம் போவது என்று பேசி வைத்திருந்தோம். அதற்குள் இடது கண் சிவந்துவிட்டது. அந்தச் சமயம் ஊர் முழுக்கக் கண்வலி. மருந்துக் கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். கண்டக்டர் என் பக்கத்தில் நிற்பதையே கம்மி பண்ணிக்கொண்டார். ஆனால் என் கண்ணில் பீளை இல்லை, உறுத்தல் இல்லை. வெள்ளை விழியில் ரத்த நாளங்கள் தடித்து, வேர் மாதிரி சுருண்டு சுருண்டு ஓடின. கண்ணாடியில் பார்த்தால் இடது கண் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டிருப்பது போல இருந்தது. ஒரு கண் இன்னொரு கண்ணைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்று மனைவி சொன்னாள். டாக்டரைப் பார்ப்பதை இனி தள்ளிப்போடக் கூடாது, மறுநாள் டூட்டி முடிந்ததும் நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அந்த மறுநாள் காலை வெள்ளிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டி நிறைய ஆட்கள். சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள், மடியில் சாமை மூட்டையோடு ஒரு பெரியவர். இடது பக்கம் திரும்பும் ஒரு வளைவுக்கு வந்தேன். அங்கே ஓரமாக வெள்ளையடித்த ஒரு கல் நட்டிருக்கும். கல் இரண்டாகத் தெரிந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அச்சு அசலாக. சாலையும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மலையோரமாகவும் ஒன்று பள்ளத்தின் மேலாகவும் போனது.

இடது கண்ணை மூடினேன். சாலை ஒன்றானது. திறந்தேன். மறுபடியும் இரண்டு. எது நிஜமான சாலை என்று என் கைக்குத் தெரியும். ஆனால் கைக்குத் தெரியும் என்பதை நம்பி அத்தனை பேரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. வண்டியை மலைப்பக்கமாக ஒட்டி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் போய் டயருக்குக் கல் வைத்தேன். கண்டக்டர் ஓடி வந்தார்.

"எனக்கு ரோடு ரெண்டா தெரியுதுப்பா. நான் ஓட்ட மாட்டேன்" என்றேன்.

அவர் என் கண்ணைப் பார்த்தார். டிப்போவுக்குப் போன் பேச சிக்னல் தேடி மேலே நடந்தார். பயணிகளிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். முணுமுணுப்பு வரும் என்று நினைத்தேன். சாமை மூட்டைப் பெரியவர், நின்றதுதான் சரி என்றார். மற்றவர்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் எனக்கு மோர் கொடுத்தாள். பின்னால் ஜீப்பில் வந்துகொண்டிருந்த எங்கள் டிப்போவின் இன்னொரு டிரைவர், விடுப்பில் ஊருக்குப் போகிறவர், வண்டியை எடுத்துக்கொண்டார்.

என் பஸ்ஸில் நான் பயணியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னல் ஓரம் இடம் கொடுத்தார்கள். வெளியே பார்த்தேன். ஒரு பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளத்தாக்கு. ஒரு கோமுகி அணைக்குப் பக்கத்தில் இன்னொரு கோமுகி அணை. இரண்டிலும் தண்ணீர் மின்னியது. பயத்தோடு பயமாக, எவ்வளவு அழகாக இருக்கிறது என்றும் நினைத்தேன். தலைக்குள் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

கள்ளக்குறிச்சியில் இறங்கி நேராகக் கண் டாக்டரிடம் போனேன். மனைவியும் வந்து சேர்ந்தாள். அந்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ஒரு பேனாவை என் முகத்துக்கு நேரே நீட்டி, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். வலது பக்கம் போனபோது இரண்டு கண்ணும் போயின. இடது பக்கம் போனபோது வலது கண் போனது, இடது கண் நடுவிலேயே நின்றுவிட்டது. எனக்கு அது நின்றது தெரியவே இல்லை. முழுக்கத் திரும்பியதாகத்தான் நினைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு வேலை செய்யவில்லை, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறவர்களுக்கு இப்படி வருவது உண்டு என்றார் டாக்டரம்மா. இரண்டையும் அங்கேயே பார்த்தார்கள். இரண்டுமே எனக்கு இல்லை. அவர் யோசித்தார். கண் சிவந்திருப்பதையும் முன்னால் தள்ளியிருப்பதையும் திரும்பவும் பார்த்தார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். நான் தயங்கினேன்.

மனைவிதான் சொன்னாள். "டாக்டரம்மா, அவரு தலைக்குள்ள ஒரு சத்தம் கேக்குது. எனுக்கும் கேக்குது."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, இடது இமை மேல் மெல்ல வைத்தார். நெஞ்சிலும் முதுகிலும் வைக்கிற கருவியைக் கண்ணில் வைத்து நான் பார்த்ததில்லை. இமைக்கு அது ஜில்லென்று இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு கையால் என் கழுத்தின் இடது பக்கத்தை லேசாக அழுத்தினார்.

சத்தம் தேய்ந்து அடங்கியது. கையை எடுத்தார். மறுபடி கிளம்பியது. யாரோ குழாயைத் திருகி மூடித் திறந்தது போல.

அவர் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். பிறகு கருவியைக் கழற்றி என் காதிலேயே மாட்டினார். உள்ளே இருந்து மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் வெளியே இருந்தும் வந்தது.

"புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல இப்பதான் காதால கேக்குறேன்" என்றார் டாக்டரம்மா.

ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் கழுத்து வழியாக மேலே ஏறி, கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன ரத்தக் குளத்துக்குள் புகுந்து போகிறது. ரத்தம் வேகமாக ஓடும் குழாய், அழுத்தமில்லாத ரத்தத்துக்கு நடுவே புகுந்து போவது உடம்பில் அந்த ஓரிடத்தில்தான். கண்ணை அசைக்கும் நரம்புகளும் அந்தக் குளத்தை ஒட்டித்தான் வருகின்றன. அவற்றில் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு மட்டும் குளத்துக்கு நடுவிலேயே, அந்தக் குழாயோடு சேர்ந்து போகிறது. எனக்கு அடிபட்ட அதிர்ச்சியில் குழாயின் சுவர் கிழிந்திருக்கிறது. வேகமான ரத்தம் குளத்துக்குள் பீய்ச்சி அடிக்கிறது. அதுதான் சத்தம். குளம் நிரம்பி, ரத்தம் கண் பக்கமாகத் திரும்பித் தேங்கியதால் கண் சிவந்து பிதுங்கியது. நடுவில் இருந்த நரம்பு நசுங்கியதால் கண் திரும்பவில்லை.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு பழம் தலையில் உரசியதற்கும் சாலை இரண்டானதற்கும் நடுவே இத்தனை வழி இருக்கிறது. அந்த வழி முழுக்க எனக்குள்ளேதான் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அது என்னோடுதான் இருந்திருக்கிறது, ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை.

சரி பண்ண முடியுமா என்று மனைவி கேட்டாள். முடியும், ஆனால் சென்னைக்குப் போக வேண்டும், தாமதிக்கக் கூடாது, விட்டால் பார்வையே போகலாம் என்றார்.

சென்னையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் தலையைத் திறக்கப் போகிறார்கள் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். தலையைத் தொடவே மாட்டோம் என்றார் அங்கிருந்த டாக்டர். தொடை இடுக்கில் ஒரு ஊசித்துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே நூல் மாதிரி ஒரு குழாயை வயிறு, நெஞ்சு, கழுத்து என்று மேலே ஏற்றிக் கொண்டுபோய், கிழிந்த இடத்தில் ஒரு குட்டி பலூனை வைத்து அடைத்துவிட்டு வந்துவிடுவோம் என்றார். மலைப்பாதையில் வண்டி ஏற்றுகிறவன் நான். என் காலிலிருந்து என் கண்ணுக்கு ஒரு பாதை இருக்கிறது, அதில் ஒருவர் வளைந்து வளைந்து ஏறிப் போகப் போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நம்ப முடியவில்லை.

மயக்கம் கொடுக்கவில்லை. மரத்துப்போக மட்டும் ஊசி போட்டார்கள். அசையக் கூடாது என்று தலையைப் பிணைத்திருந்தார்கள். ஓரமாக ஒரு திரை தெரிந்தது. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தும்போதெல்லாம் முகத்தின் ஒரு பக்கம் சூடாகும், திரையில் கறுப்பாக ஒரு மரம் கிளை விட்டுப் பரவி மறையும். அது என் தலை. மரத்தின் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கிளை இல்லாமல் மை கொட்டிய மாதிரி கறுப்பு. டாக்டர்கள் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொண்டார்கள். என் தலைக்குள் வழக்கம்போல உஸ்ஸ், உஸ்ஸ்.

திடீரென்று அது நின்றது.

தேயவில்லை, அடங்கவில்லை. அறுந்தது. நெஞ்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன். அத்தனை நாளும் நெஞ்சு அடிப்பதைச் சத்தமாகத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். செத்துவிட்டேன் போல, ஆனால் யோசிக்க முடிகிறதே என்று யோசித்தேன்.

"சத்தம் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஏசி ஓடும் சத்தம். நர்ஸின் செருப்பு தரையில் இழுபடும் சத்தம். தூரத்தில் யாரோ ஒரு பாத்திரத்தை வைக்கும் சத்தம். உலகம் இத்தனை மெல்லிய சத்தங்களால் ஆனது என்பதை மறந்தே போயிருந்தேன். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க முடியவில்லை. ஒரு நர்ஸ் துடைத்துவிட்டார்.

வெளியே கொண்டு வந்ததும் மனைவி ஓடி வந்தாள். குனிந்து நெற்றிப் பொட்டில் காதை வைத்தாள். நிமிர்ந்து, நர்ஸ் திட்டும் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண் சிவப்பு சீக்கிரமே இறங்கியது. ஆனால் கண் திரும்பவில்லை. நசுங்கிய நரம்பு தேறி வர மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுக்க வராமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தேன். இரண்டு டம்ளரில் எதில் தண்ணீர் ஊற்றுவது என்று தெரியாமல் தரையில் ஊற்றினேன். படி இறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொள்ள மனைவி கறுப்புத் துணியில் பட்டை தைத்துக் கொடுத்தாள். டிப்போவில் உள்வேலை கொடுத்தார்கள். வண்டிகள் கிளம்புவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

காலையில் மொட்டை மாடிக்குப் போய்ப் பட்டையைக் கழற்றிவிட்டு மேற்கே பார்ப்பேன். கல்வராயன் மலை இரண்டு வரிசையாகத் தெரியும். நடுவே ஒரு செல்போன் கோபுரம் இரண்டாக நிற்கும். முதலில் அந்த இரண்டு கோபுரத்துக்கு நடுவே ஒரு தென்னை மரமே நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. வாரங்கள் போகப் போக அது குறைந்தது. நான் எதுவும் செய்யவில்லை. மருந்துகூட இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், டிப்போவுக்குப் போனேன். எனக்குத் தெரியாமலே உள்ளே ஒரு நரம்பு தன்னைத் தானே சரிப்படுத்திக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பார்க்கிறேன், கோபுரம் ஒன்று, மலை ஒன்று. மழையில் கழுவி வைத்த மாதிரி நீலமாக, ஒரே ஒரு மலை. கீழே போய் மனைவியைக் கூப்பிடக்கூட மறந்து அங்கேயே நின்றேன்.

மறு பரிசோதனைக்குச் சென்னைக்குப் போனபோது படிக்கிற டாக்டர்கள் கூட்டமாக என்னைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவரும் விரலை நீட்டி இடது பக்கம் பார்க்கச் சொன்னார்கள். கண் திரும்பியது. ஓரத்தில் மட்டும் ஒரு இழை குறைவு, அதுவும் வந்துவிடும் என்றார் பெரிய டாக்டர். மூளையிலிருந்து இறங்கும் நரம்புகளில் ஆறாவது இது, இதற்கு இருப்பது ஒரே வேலை, கண்ணை வெளிப்பக்கம் திருப்புவது மட்டும் என்று அவர்களுக்குச் சொன்னார். நான் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஓரமாகப் பார்ப்பதற்கென்றே ஒரு நரம்பைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் உடம்போடுதான் இத்தனை வயது வரை வாழ்ந்திருக்கிறேன்.

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர்கள் சான்று கொடுக்க அதற்கப்புறமும் காலம் பிடித்தது. சமவெளித் தடங்களில் ஓட்டவிட்டுப் பார்த்த பிறகுதான் மலைக்கு அனுப்பினார்கள். திரும்பவும் வெள்ளிமலை வண்டியை எடுத்த நாள் நானும் வரேன் என்று மனைவி கிளம்பிவிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் அந்த மலைக்கு வந்ததில்லை. நான் தினமும் போய் வருகிற இடம் என்பதாலேயே கூட்டிப் போகத் தோன்றவில்லை போலிருக்கிறது.

இடது பக்கம் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். ஏற ஏறப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். மேலே ஒரு திருப்பத்தில் பனிமூட்டம் விலகி, கீழே ஊர்களும் கரும்பு வயல்களும் ஏரிகளும் வானம் வரைக்கும் விரிந்து கிடந்தன. எதிரே ஒரு லாரி இறங்கி வந்ததால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இதையா நீங்க தெனம் பாத்துக்கினு இருந்தீங்க" என்றாள், என்னைப் பார்க்காமலே.

லாரி கடந்து போனது. கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை. அவரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் இன்னும் கொஞ்ச நேரம் கியர் போடாமல் இருந்தேன்.